தோப்பு வரை வராத கண்ணாடி இழை: வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு, 14 மாத மதிப்பீடு

பட்டுக்கோட்டைக்கு வெளியே பேராவூரணி சாலையில் இருக்கும் என் வீட்டுக்கு 14 மாதங்களுக்கு முன்பு பைபர் பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினேன். இணைப்பைத் தருவது ஒரு தனியார் நிறுவனம். வீடு வரை கேபிள் இழுப்பதும், பணம் வசூலிப்பதும், பழுது பார்ப்பதும் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர். இருவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை; ஊரையும் நிறுவனத்தையும் மாற்றிப் போட்டாலும் இந்த மதிப்பீட்டில் முக்கால் பங்கு அப்படியே பொருந்தும். திட்டத்தின் வேகம் 100 எம்பிபிஎஸ், மாத வாடகை 799 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 942 ரூபாய் 82 காசு. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் ஓஎன்டி பெட்டியும் (கேபிளில் வரும் ஒளியை வீட்டு இணையமாக மாற்றும் பெட்டி) இணைப்புக் கட்டணமும் இலவசம் என்றார்கள், கட்டினேன்.

நான் மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். ஒரு கம்பி வீட்டுக்குள் வந்தால், அது எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, அதே கம்பத்தில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்கின்றன, அறுந்தால் யார் வருவார்கள் என்று பார்க்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. ஆகவே இந்த இணைப்பையும், கடையில் வாங்கிய ஒரு பொருளாக எடைபோடுவதா, மின்சாரம்போல ஒரு பொதுச்சேவையாக எடைபோடுவதா என்ற கேள்வியோடுதான் 14 மாதமும் பயன்படுத்திப் பார்த்தேன்.

இணைப்புக் கொடுத்த விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சொன்ன நாளில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் கம்பத்தில் ஏறி, எட்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் பெட்டியிலிருந்து கறுப்பு ட்ராப் கேபிளை இழுத்து வந்து மாடி மூலையில் கட்டினார். மற்றவர் பைக் சீட்டையே மேசையாக்கி, ஸ்பிளைசிங் மெஷினைத் திறந்து, தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடி இழையின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்து, இரண்டு நுனிகளையும் எதிரெதிரே வைத்து மூடியை இறக்கினார். சின்னத் திரையில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தேடி நேராகி, ஒரு பொறியில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, அலுமினியக் கம்பியை முறுக்கி ஜாயின்ட் போட்ட லைன்மேன்களோடே காலம் கழித்த எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. வந்து சேரும் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 19 டிபிஎம் காட்டியது. “மைனஸ் 27க்குக் கீழே போனாதான் சார் தொந்தரவு, இது அருமையான லைட்டு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பச்சை விளக்குகளை எரியவைத்துக் காட்டினார். அவர்கள் கேபிள் கட்டிய கம்பம் மின்வாரியத்தின் கம்பம் என்பதையும், அனுமதி பெற்று வாடகை கட்டிய கம்பம்தானா என்று விசாரிக்காமல் இருக்க நான் பட்ட பாட்டையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பகல் நேர வேகம் சொன்னபடியே இருக்கிறது. எப்போது சோதித்தாலும் 95க்குக் குறையவில்லை. இந்த வகை பைபர் அமைப்பில் நிறுவனத்தின் கருவியில் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு கேபிள் முனைக்கு, இறங்கும் வேகம் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். கணக்குப் போட்டால் ஆளுக்கு 100 வராதே என்று சிலர் கேட்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் ஓடாது என்ற நம்பிக்கையில்தான் நாங்களும் ட்ரான்ஸ்பார்மரின் அளவைத் தீர்மானித்தோம். அந்தக் கணக்கில் தவறில்லை. மாதம் 3,300 ஜிபிக்கு மேல் போனால் வேகம் குறையும் என்ற நிபந்தனை உண்டு; எங்கள் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொட்டதில்லை.

சிக்கல் இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறது. என் பேத்தி ஒரு கணித ஆசிரியரிடம் இணையவழியில் படிக்கிறாள். அவர் தன் வகுப்புகளை ஒரு சிறிய தளத்தில் நடத்துகிறார். எட்டிலிருந்து பத்து வரை அந்த வகுப்பு திணறுகிறது. ஆசிரியரின் கை கரும்பலகையில் பாதிக் கோட்டில் நின்றுவிடும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் யூடியூபில் 4கே காட்சி ஒரு துளித் தயக்கமின்றி ஓடுகிறது. நிறுவனத்தின் சொந்த வேகச் சோதனையிலோ 98 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆசிரியரின் தளத்தில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். பேத்தியின் மடிக்கணினியை என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தபோது வகுப்பு சீராக நடந்தது. மூன்று இரவுகள் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று இரவும் ஒரே முடிவுதான்.

வலையமைப்புத் துறையில் வேலை செய்யும் நண்பர் மகன் ஒருவர் விளக்கினார். பெரிய காணொளி நிறுவனங்கள் தங்கள் சேமிப்பு சர்வர்களை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. மக்கள் அதிகம் பார்க்கும் படங்கள் வெளியூரிலிருந்து வருவதில்லை; பக்கத்து நகரத்திலேயே பிரதி எடுத்து வைக்கப்பட்டு அங்கிருந்து நேராக வீட்டுக்கு வருகின்றன. சிறிய தளத்தின் வகுப்போ, நிறுவனம் வெளியுலகத்தோடு இணைந்திருக்கும் பொதுவழியில் வர வேண்டும். அந்தப் பொதுவழியை எவ்வளவு அகலமாக வாங்கி வைப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம். இரவில் அது நிரம்பிவிடுகிறது. யாரும் எதையும் வேண்டுமென்றே தடுக்கவில்லை. ஆனாலும் பெரியவருக்குத் தனிவழியும் சின்னவருக்கு நெரிசலும் என்பதுதான் என் வீட்டில் வந்து விழும் பலன்.

இது சட்டமீறலா என்று பார்த்தேன், இல்லை. இணைய நடுநிலை, அதாவது எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்துவது என்ற விஷயத்தில் இந்தியாவின் விதிகள் உண்மையில் உறுதியானவை, அவை பிறந்த விதமும் நினைவில் வைக்கத் தக்கது. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் விலக்கிக்கொண்டது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட, பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றிப் பார்க்கலாம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியிருந்தது; பின்னாளில் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டது அதுதான். ஏழைக்கு இலவசமாகக் கொடுப்பதைக் கெடுக்கிறார்களே என்று அப்போது எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தபோது, ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மிக்சிக்கு மட்டும் இலவச மின்சாரம் என்று சொன்னால் மற்ற மிக்சிக் கம்பெனிகளின் கதி என்ன என்ற கேள்வியில் அந்த எண்ணம் கரைந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றக் கூடாது என்று ட்ராய் விதி வகுத்தது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலருக்கு முன்னுரிமை தருவது ஆகியவற்றுக்கு எதிரான நிபந்தனைகள் 2018இல் இணைய நிறுவனங்களின் உரிமங்களிலேயே சேர்க்கப்பட்டன. ஆனால் மேலே சொன்ன சேமிப்பு சர்வர் ஏற்பாடுகளுக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. என் பேத்தியின் வகுப்பு அந்த விலக்கின் இடுக்கில்தான் சிக்கியிருக்கிறது.

அந்த விலக்கையே ரத்து செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துணைமின் நிலையம் பக்கத்தில் இருந்தால் வோல்டேஜ் நன்றாக இருப்பதுபோல, பிரதி பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் நல்லதுதான். நான் கேட்பது வேறு. கடைக்கோடி வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மின்சாரத்துக்கு வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொதுவழி நெரிசலுக்கு அப்படிப் பதில் சொல்லும் கடமை இங்கே எந்த வாடிக்கையாளருக்கும் கண்ணில் படும்படி இல்லை. பிராட்பேண்ட் என்று பெயர் சொல்லி விற்க வேண்டிய குறைந்தபட்ச வேகமே 512 கேபிபிஎஸ்ஸாக இருந்து, 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. 100க்குப் பணம் வாங்கும் திட்டத்தின் விளம்பரத்தில் ‘வரை’ என்ற சிறிய சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் இதே சண்டை தலைகீழாக நடந்தது. அங்கே நடுநிலையைக் காப்பதற்காகவே இணையத்தைத் தொலைபேசிபோலப் பொதுச்சேவை வகைக்குள் கொண்டுவந்தார்கள். 2015இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் அப்படி வகைப்படுத்தியது, 2017 டிசம்பரில் நீக்கியது, 2024 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தது; 2025 ஜனவரி 2 அன்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வகை போனதும் நடுநிலையும் போனது. நம்மிடம் நடுநிலை உரிமத்திலேயே இருப்பதால் ஆட்சி மாறும்போதெல்லாம் அது ஊசலாடுவதில்லை. ஆனால் பொதுச்சேவைக்கு உரிய மற்ற கடமைகள் நம் விதிகளில் வந்து சேரவில்லை. இந்த இணைப்பின் மீது எனக்கு இருக்கும் குறைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வெற்றிடத்திலிருந்து வருபவை.

முதல் குறை என் தங்கை வீடு. இங்கிருந்து மூன்று கிலோமீட்டரில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. என் இணைப்பில் திருப்தியடைந்து அவளுக்கும் விண்ணப்பித்தேன். “அண்ணே, அங்க பத்து வீடாவது இருந்தாதான் லைன் இழுக்க முடியும்” என்றார் ஆபரேட்டர். நிறுவனத்தின் செயலியில் சேவை சாத்தியமில்லை என்று ஒரே வரி வந்தது. காரணம் இல்லை, எப்போது வரும் என்ற தேதியும் இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின் இணைப்புத் தர வேண்டும். புதிய கம்பங்கள் நடவேண்டியிருந்தால் கூடுதல் காலம் உண்டு, ஆனால் முடியாது என்ற பதிலுக்கு இடம் இல்லை. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். என் பணிக்காலத்தில் தோப்புக்கு நடுவே இருக்கும் ஒற்றை வீட்டுக்காக ஏழு கம்பம் நட்டிருக்கிறோம், எரிச்சலோடுதான் நட்டோம், ஆனால் நட்டோம். இணையத்துக்கு அந்தப் பிரிவு இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் கிராமப்புற இணைப்புகளுக்கான நிதிக்காக வசூலிக்கப்படுகிறது. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது அழைக்கப்படும் அந்தப் பணத்தில், மத்திய அரசின் கிராம பைபர் திட்டமான பாரத்நெட்டின் கேபிள் ஊராட்சி அலுவலகங்களை நோக்கிப் போகிறது, தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் அதைக் கொண்டுசேர்க்கும் வேலை அரசின் பைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து தோப்பு வீட்டுக்கு யார் இழுப்பது என்பதுதான் என் தங்கையின் கேள்வி.

இரண்டாவது குறை பழுது. அணில் கடித்தும், தென்னை மட்டை விழுந்தும் 14 மாதத்தில் ஐந்து முறை கேபிள் அறுந்தது. நான்கு முறை ஒரே நாளில் சரிசெய்தார்கள். ஐந்தாவது முறை, மழைக்காலத்தில் ஒரே இரவுக் காற்றில் பல தெருக்கள் அறுந்தபோது, ஓஎன்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு ஆறு நாட்கள் சிவப்பாகக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைவீதியை முதல் நாளே சரிசெய்தார்கள்; எங்கள் தெருவில் ஒன்பது இணைப்புகள்தான். மூன்றாம் நாள் மாலை, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தபோது எல்ஓஎஸ் விளக்கு என் கண்ணெதிரே சிமிட்டிக்கொண்டிருந்தது. கம்பி இணைப்பில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது ட்ராயின் தர விதி. அந்தக் குறுஞ்செய்தி மூன்றாம் நாளே வந்தது தற்செயலா என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

2018 நவம்பரில் கஜா புயல் இதே வட்டாரத்தைப் புரட்டிப்போட்டபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமடைந்தன. கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கி வேலை செய்தார்கள். தாமதம் இருந்தது, மறியல் இருந்தது, நியாயமான வசவுகளை நாங்கள் நிறையவே வாங்கினோம். ஆனால் ஒன்பது வீடுதானே என்று எந்தத் தெருவையும் பட்டியலிலிருந்து விட முடியவில்லை, விட்டால் சட்டம் கேட்கும், அதற்கு முன்பு ஊரே கேட்கும். வருமானம் குறைந்த தெரு கடைசியில் என்ற வரிசை ஒரு வியாபாரத்துக்கு இயல்பானது. அதை ஒரு பொதுச்சேவையில் ஏற்க முடியாது.

புகார் ஏறும் ஏணியும் குட்டையானது. மின்சாரத்தில் வட்டந்தோறும் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் என்று நிறுவனத்தைத் தாண்டியும் போகலாம். இணையத்தில் புகார் மையம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி. இரண்டும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே. தனிநபர் புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆறு நாள் வாடகையான 190 ரூபாய்க்கு வழக்குப் போட யாருக்கும் மனம் வராது. நான் மேல்முறையீடு எழுதினேன். 22 நாள் கழித்து ஆறு நாட்கள் திட்டத்தில் நீட்டித்துத் தந்தார்கள். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

விலையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். 100 எம்பிபிஎஸ் 943 ரூபாய்க்குக் கிடைப்பது போட்டியால்தான். மின்வாரியம்போல ஒற்றை நிறுவனமாக இருந்தால் இது கிடைத்திருக்குமா என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. பொதுச்சேவையின் நோய்களை உள்ளிருந்து பார்த்தவன் நான். கடனும், காலியிடங்களும், ஒரு ட்ரான்ஸ்பார்மருக்கு மாதக்கணக்கில் காத்திருந்ததும் மறக்கவில்லை. கேபிளை அரசே இழுக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை அல்ல. மின்சாரமும் முழு நடுநிலை கிடையாது: வீட்டுக்கு ஒரு கட்டணம், கடைக்கு ஒரு கட்டணம் என்று வாரியம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே ஓடுவது யாருடைய மின்விசிறி என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உண்டு. பேத்தியின் வகுப்பும், ரேஷன் கார்டு திருத்தமும், ஓய்வூதியர் உயிர்ச்சான்றும் இணையத்தில் வந்துவிட்ட பிறகு, வாடகை கட்ட முடியாத மாதத்தில் 2 எம்பிபிஎஸ்ஸாவது ஓடட்டும் என்ற அடிப்படை அடுக்கு இங்கே இல்லை. தவணை முடிந்த நள்ளிரவே இணைப்பு நின்றுவிடுகிறது.

சில நாடுகளில் காணொளி நிறுவனங்களும் வலையமைப்புக்குப் பங்கு கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதே குரல் எழுப்பியிருக்கின்றன. தென்கொரியாவில் வலையமைப்புக் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி ட்விட்ச் என்ற நேரலைக் காணொளித் தளம் 2024 பிப்ரவரியில் வெளியேறியது. கிரைண்டர் செய்தவரிடம் மின்வாரியம் பங்கு கேட்டதுபோல இருக்கிறது அந்த யோசனை. மாவு அரைப்பவர் ஏற்கெனவே பில் கட்டிவிட்டார்.

நகருக்குள், இரண்டு மூன்று நிறுவனங்கள் போட்டி போடும் தெருவில் இருப்பவர்கள் இந்த இணைப்பைத் தயங்காமல் வாங்கலாம். வேகத்துக்கும் ஆட்களின் திறமைக்கும் ஐந்தில் நான்கு தருவேன். ஊருக்கு வெளியே இருப்பவர்கள், கம்பத்தில் எத்தனை வீடுகள் இணைந்திருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. வாங்குமுன் வேகச் சோதனையைப் பகலில் பார்க்காமல் இரவு ஒன்பது மணிக்கு அண்டை வீட்டில் போய்ப் பாருங்கள், அதுவும் நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் வேண்டாம், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சின்னத் தளம் ஒன்றில் பாருங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு விளக்கைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் தவணை முடிந்தது. ஆறு மாதத்துக்குக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று ஆபரேட்டர் சொன்னார். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். தங்கையின் விண்ணப்பத்தை எழுத்தில் தயாரித்து, இணைப்புத் தர முடியாததன் காரணத்தையும் எழுத்திலேயே தரும்படி கேட்டு, அதையும் அதே கையோடு கொடுத்தேன். “அண்ணே, இதுக்கெல்லாம் எங்ககிட்ட ஃபார்மே கிடையாது” என்று சிரித்தார், ஆனால் இரண்டாவது பிரதியில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.